கை கடுக்குது, காக்கா

பெரும்போகம் வெட்டி, சூடடித்து, வைக்கோலும் ஏற்றிப்போன பிறகு வரிப்பத்தான்சேனை வட்டைகள் சில கிழமைகளுக்குச் சும்மா கிடக்கும். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வரும்வரை அந்த நிலம் பிள்ளைகளுக்குச் சொந்தம். அடித்தாளை மிதித்துச் சமப்படுத்தி மூன்று தடிகளை ஊன்றினால் மைதானம் தயார். அஸர் தொழுது முடிய ஆட்டம் தொடங்கும். மஃரிப் பாங்கு கேட்டதும் முடியும்.

ஒவ்வொரு குழுவிலும் வேகமாகப் பந்து போடும் பொடியன் ஒருவன் இருப்பான். வேகமானவன் என்பதாலேயே ஓவர்களில் பாதி அவன் தலையில் விழும். களத்தடுப்புக்குப் போனாலும் தொலைவில் நின்று பந்தை எறிய அவனைத்தான் நிறுத்துவார்கள். கையை மடக்கி எறிகிறானா, நேராகப் போடுகிறானா என்று பார்க்க அங்கே நடுவர் கிடையாது. வெயில் சாயும் நேரத்தில் அவன் முழங்கையின் உட்பக்கத்தை மறு கையால் பிடித்துக்கொண்டு வருவான்.

“கை கடுக்குது, காக்கா.”

“இன்னும் ரெண்டு ஓவர்தானேடா, போட்டு முடி.”

அந்தப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். கடுப்பு எங்கிருந்து வருகிறது, அவன் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. இந்த அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியது. அதை விளக்க, எங்கள் ஊரில் யாரும் ஆடாத ஒரு விளையாட்டுக்குள் போகவேண்டியிருக்கிறது. எறிவதையே தொழிலாக்கி, அதற்குச் சம்பளம் கொடுத்து, ஒவ்வொரு எறிதலையும் எண்ணி, உடைந்த கைகளை அறுத்துத் தைத்துப் பார்த்த விளையாட்டு பேஸ்போல்தான்.

நமக்கு அது முற்றிலும் அந்நியமும் அல்ல. பாடசாலைகளில் ஆடப்படும் எல்லே அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதிலும் எறிந்த பந்தைக் கம்பால் அடித்துவிட்டு, நிலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஹோமாகமவுக்கு அருகே தியகமவில் ஜப்பானின் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானமும் இருக்கிறது. பேஸ்போலில் பந்தை எறிபவருக்குப் பிட்ச்சர் என்று பெயர். 18.44 மீற்றர் தொலைவில் நிற்கும் துடுப்பாளரை நோக்கி, தரையில் குத்தாமல், முழு வேகத்தில் அவர் எறிய வேண்டும். கையை மடக்கலாம், நீட்டலாம். கட்டுப்பாடு எதுவும் இல்லை.

எறிதல் என்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

குளத்தில் வீச்சுவலை எறிபவரைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கால் ஊன்றும், பிறகு இடுப்பு திரும்பும், அதன்பின் நெஞ்சு, தோள், கடைசியில்தான் கை. கையால் மட்டும் வலையைத் தள்ளுகிறவனின் வலை விரியாது, சுருண்டு காலடியில் விழும். பிட்ச்சரின் எறிதலும் அதே வரிசைதான். காலில் தொடங்கும் விசை ஒவ்வொரு மூட்டாக மேலே ஏறும். கீழுள்ள பகுதி நிற்க, மேலுள்ள பகுதி விரையும். மாட்டுச் சாட்டையின் பிடி மெதுவாக அசைய, நுனி சத்தமிட்டுப் பாய்வதைப் போல, கடைசி மூட்டில் வேகம் உச்சத்துக்குப் போகும்.

இந்த வரிசையின் நடுவில் ஒரு விசித்திரம் நடக்கிறது. உடல் முன்னோக்கித் திரும்பத் தொடங்கும்போது முன்னங்கையும் பந்தும் தம் எடையால் பின்தங்கிவிடுகின்றன. தோள் பின்பக்கமாக முறுக்கப்படுகிறது. பிட்ச்சர் ஒருவரின் படத்தை அந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தால், முன்னங்கை முதுகுப் பக்கமாகச் சாய்ந்து ஏறக்குறையப் படுத்திருக்கும். தோளைச் சுற்றியுள்ள நார்களும் தசைகளும் கவணின் கயிறு போல இழுபட்டு, விசையைச் சேர்த்து வைக்கின்றன. பிறகு அந்தக் கயிறு விடுபடுகிறது. அப்போது மேற்கை எலும்பு தன் அச்சில் திரும்பும் வேகம் செக்கனுக்கு சுமார் 7000 பாகை. அதே வேகத்தில் ஒரு முழுச் செக்கன் திரும்ப முடிந்தால் 19 சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். மனித உடலில் அளந்து பார்த்த மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

நீல் ரோச் என்ற மானிடவியலாளரும் டேனியல் லீபர்மன் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கல்லூரி பேஸ்போல் வீரர்களின் தோள், இடுப்பு அசைவுகளைப் பட்டைகள் கட்டி ஒவ்வொன்றாகத் தடுத்து, வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். தாழ்ந்து அகன்ற தோள், நெஞ்சைவிட்டுத் தனியே திரும்பும் இடுப்பு, முறுக்குக் குறைந்த மேற்கை எலும்பு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடியது ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் மூதாதையரில் என்பது அவர்களுடைய முடிவு. சிம்பன்சி நம்மைவிடப் பலசாலி. ஆனால் அது எறியும் கல் மணிக்கு 30 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நன்கு எறியப் பழகிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் எறிவான். குருவி விரட்டக் கல்லெறியும் நம் பிள்ளையின் கையில் இருப்பது அவ்வளவு பழைய சொத்து.

அந்தச் சொத்தைக் கொண்டு பிழைக்க முயன்ற இரண்டு பேரின் கதைக்கு வருகிறேன். இருவரும் நம் பக்கத்து நாட்டவர்கள்.

ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லொறிச் சாரதி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இடக்கைக்காரர். லக்னோவில் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறியப் பழகியவர். தினேஷ் பட்டேல் வாரணாசிப் பக்கத்தவர். அவரும் ஈட்டி எறிபவர்தான். 2008இல் ஜே. பி. பேர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தினார். பேஸ்போல் பந்தை யார் மிக வேகமாக, குறித்த சட்டத்துக்குள் விழும்படி எறிகிறார் என்பதுதான் போட்டி. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்தார்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்து ரிங்கு வென்றார். பரிசு ஒரு இலட்சம் டொலர். தினேஷின் பந்து அதைவிட வேகமாகப் போனது, ஆனால் குறி தப்பிப் போனது. அவருக்குக் கிடைத்தது இரண்டாவது இடம்.

குறி தப்புவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பந்தை விடும் தறுவாயில் கை செக்கனுக்கு 40 மீற்றர் அளவில், ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆரையுள்ள வளைவில் ஓடுகிறது. அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பந்து போகும் திசை இரண்டு பாகைக்கு மேல் மாறுகிறது. அந்த இரண்டு பாகை, துடுப்பாளரிடம் போய்ச் சேரும்போது அரை மீற்றருக்கும் கூடிய விலகலாகிறது. விரல்கள் பந்தை அந்த ஆயிரத்தில் ஒன்று முந்தி விட்டால் பந்து தலைக்கு மேலே, பிந்தி விட்டால் தரையில். விழிப்புடன் யோசித்துச் செய்யக்கூடிய வேலை இது அல்ல. பல்லாயிரம் முறை எறிந்து எறிந்து மூளையும் தசையும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய காரியம். பேஸ்போலைப் பார்த்தே இராத இரண்டு இளைஞர்கள் இதைச் சில மாதங்களில் கற்றார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அவர்களைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துப் போய், பழைய பிட்ச்சரும் பயிற்றுநருமான டொம் ஹவுஸிடம் விட்டார்கள். ஈட்டி 800 கிராம். பேஸ்போல் பந்து அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கனமான பொருளுக்குப் பழகிய கை இலேசான பந்தை வேகமாக விரட்டும் என்பது உண்மைதான், ஆனால் ஈட்டிக்காரர் ஓடிவந்து எறிகிறார், பிட்ச்சர் நின்ற இடத்தில் ஒரு காலை எடுத்து வைத்து எறிகிறார். அடி முதல் கற்க வேண்டியிருந்தது. 2008 நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவின் பெரிய விளையாட்டுக் கழகம் ஒன்றுடன் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்கள்தான். 2009 ஜூலையில் கீழ்மட்டத் தொடர் ஒன்றில் ரிங்கு எறியத் தொடங்கினார். அந்த மாதமே ஒரு ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் பதிவானது. 2010இன் முடிவில் தினேஷைக் கழகம் விடுவித்தது. ரிங்கு ஆண்டுக்கு ஒரு படியாக ஏறினார். இடையில் அவுஸ்திரேலியத் தொடரிலும் எறிந்தார். 2012இல் மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு முழுப் பருவம் ஆடினார். அவர் எட்டிய உயரம் அதுதான். 2013இல் அவருடைய இடது முழங்கை போய்விட்டது.

இப்போது அந்தப் பொடியன் தொட்டுக் காட்டிய இடத்துக்கு வரலாம்.

உங்கள் முழங்கையின் உட்பக்கத்தில், விலாவை ஒட்டி இருக்கும் பக்கத்தில், ஓர் எலும்பு மொட்டுப் போலத் துருத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து முன்னங்கை எலும்புக்கு ஒரு பிணைநார் போகிறது. எலும்பை எலும்போடு கட்டும் நாருக்குத்தான் அந்தப் பெயர். விரல் நீளத்தில் பாதிகூட வராத துண்டு அது. முன்னங்கை வெளிப்பக்கமாகப் பிரிந்து போகாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. சோறு பிசையும்போதும் வரம்பு கட்டும்போதும் அதற்குப் பெரிய வேலை இல்லை. எறியும்போதுதான், முன்னங்கை பின்தங்கிப் படுத்திருக்கும் அந்தக் கணத்தில், முழங்கையின் உட்பக்கத்தைத் திறந்து பிளக்கப் பார்க்கும் முறுக்கு வருகிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள விளையாட்டு மருத்துவ நிலையம் ஒன்றில் கிளென் பிளைசிக்கும் அவருடைய குழுவும் இந்த முறுக்கை அளந்தார்கள். உயர்மட்டப் பிட்ச்சர் ஒருவரின் ஒவ்வொரு வேகப்பந்திலும் சுமார் 64 நியூட்டன் மீற்றர். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு 30 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், உள்ளங்கையில் 20 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் திடீரெனத் தொங்கவிட்டு முழங்கையைப் பக்கவாட்டில் வளைப்பதற்குச் சமம் அது. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த பிணைநாரை இழுத்துப் பார்த்த சோதனைகளில் அது ஏறக்குறைய பாதி முறுக்கிலேயே அறுந்தது. மீதிப் பாதியை முன்னங்கைத் தசைகள் தாங்கிக்கொள்கின்றன. தசை புத்துணர்வோடு இருக்கும்வரை இந்தக் கூட்டுக் குடித்தனம் நடக்கும். தசை களைத்துவிட்டால் அதன் பங்கும் நாரின் தலையில் இறங்கும். நார் ஒரே நாளில் அறுவது அபூர்வம். இழை இழையாக உரிந்து, ஆறும் முன்னே மீண்டும் உரிந்து, ஒருநாள் கயிறு முழுதும் விட்டுப்போகும்.

1974 ஜூலை 17ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் டொஜர்ஸ் அணியின் டொமி ஜோன் என்ற இடக்கைப் பிட்ச்சருக்கு அதுதான் நடந்தது. அந்தப் பருவத்தில் அவர் 13 வெற்றி, 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தார். அதுவரை இந்தக் காயம் வந்தவர்களுக்கு ‘கை செத்துப்போச்சு’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதே வழக்கம். அணியின் வைத்தியர் பிராங்க் ஜோப் இன்னொரு வழி சொன்னார். வலது முன்னங்கையில் உள்ள ஒரு தசைநாணை வெட்டி எடுப்பது, இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டு அதை எட்டு வடிவில் கோத்துக் கட்டுவது, அது புதிய பிணைநாராக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. மீண்டும் எறிவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றும் சொன்னார். டொமி ஜோன் சம்மதித்தார். செப்ரெம்பர் 25ஆம் திகதி அறுவைச் சிகிச்சை நடந்தது. 1975 முழுவதும் அவர் எறியவில்லை. 1976இல் திரும்பி வந்தார். பிறகு 1989வரை, தன் 46ஆவது வயதுவரை எறிந்தார். வாழ்நாளில் அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 வெற்றிகள் அந்தச் சிகிச்சைக்குப் பின் வந்தவை.

அந்தத் தசைநாண் உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். பெருவிரலும் சின்னவிரலும் நுனியில் தொடும்படி சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் புடைத்துக்கொண்டு நிற்கும். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு அது பிறப்பிலேயே இருக்காது. அவர்களுடைய கையில் அதனால் எந்தக் குறையும் தெரியாது. மரங்களில் தொங்கித் திரிந்த காலத்தின் மிச்சம் என்று கருதப்படும் அந்த நாணைத்தான் வைத்தியர் ஜோப் தேர்ந்தெடுத்தார். எடுத்தாலும் நட்டமில்லாத ஒன்றைக் கொண்டு, இல்லாமல் முடியாத ஒன்றைச் செய்துவிட்டார். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

இன்று அந்தச் சிகிச்சைக்கே டொமி ஜோன் என்று பெயர். பிட்ச்சர்கள் ஆண்டுதோறும் பலர் அதைச் செய்துகொள்கிறார்கள், பெரும்பாலானோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் திரும்பியும் வருகிறார்கள். எல்லாரும் அல்ல. ரிங்கு சிங்குக்கும் அந்தச் சிகிச்சை நடந்தது. 2012க்குப் பிறகு அவர் ஒரு போட்டியிலும் எறியவில்லை. 2014இல் ரிங்கு, தினேஷ் இருவருடைய கதை ஹொலிவூட் படமாக வந்தபோது, நிஜ ரிங்கு கையை ஆற்றிக்கொண்டிருந்தார். 2018இல் அவர் அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். ஈட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் இதே முழங்கைதான். நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் வலது முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோவில் 87.58 மீற்றர் எறிந்து ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.

“நம்மட ஆட்கள் கிரிக்கெட்தானே ஆடுறாங்க, அதில முழங்கையை மடக்கவே ஏலாதே” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தச் சட்டத்தின் விளிம்பில் நின்றே உலகின் அதிக விக்கெட்டுகளை எடுத்தவர் நம் நாட்டுத் தமிழர் ஒருவர்.

கண்டியில் 1972இல் பிறந்த முத்தையா முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயர் அவருடைய பந்துகளை ஏழு முறை ‘நோ போல்’ என்றார். அடுத்த மாதம் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சனும் அதையே செய்தார். பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அவருடைய கையைப் பல கமராக்களால் படமெடுத்தார்கள். அந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின: கிரிக்கெட் சட்டம் தடுப்பது மடங்கிய கையை அல்ல, மடங்கிய கை பந்தை விடும்முன் நீள்வதை. மடங்கியே இருக்கும் கை வேகமாகச் சுழலும்போது, நம் இரண்டு கண்ணுக்கும் நீள்வதுபோலத் தோன்றும். 2004இல் முரளி, கை நீளவே முடியாதபடி உருக்குக் கம்பி வைத்த கவசம் ஒன்றைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சிக் கமராவுக்கு முன் பந்து வீசிக் காட்டினார். பந்து வழக்கம்போலவே திரும்பியது.

அந்த ஆண்டு நடந்த அளவீடுகளில் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. ‘சுத்தமான’ கையுடையவர்கள் என்று எல்லாரும் நம்பிய வேகப்பந்து வீச்சாளர்களின் முழங்கையும் பத்துப் பாகைக்கு மேல் நீண்டுகொண்டிருந்தது. 15 பாகைக்குக் குறைந்த நீட்டலை வெறுங்கண் பிடிக்காது என்பதால், 2005 மார்ச்சிலிருந்து எல்லாருக்கும் 15 பாகை என்று எல்லை வைத்தார்கள். பிட்ச்சரின் முழங்கையோ மடங்கிய நிலையிலிருந்து 60, 70 பாகை நீளும்.

இந்த வித்தியாசம் காயத்தின் இடத்தையே மாற்றிவிடுகிறது. முரளி டெஸ்ட் போட்டிகளில் மட்டும் 44,039 பந்துகள் வீசினார். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், பிரக்ஞான் ஓஜாவின் விக்கெட்டோடு 800ஐத் தொட்டு நிறுத்தினார். அத்தனைக்கும் அந்த முழங்கை தாங்கியது. பந்தை விடும்முன் நீளாத கை முழங்கையைக் காப்பாற்றுகிறது. வேகப்பந்து வீச்சாளர் அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுக்கிறார். முன்கால் தரையில் குத்தும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முழங்காலிலும் இடுப்பிலும் ஏறுகிறது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகின் கீழ் எலும்பில் மயிரிழை வெடிப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். காலிக்கு அருகே ரத்கமவில் மென்பந்தில் கை பழகிய லசித் மாலிங்க, கையைத் தோளுக்குப் பக்கவாட்டில் சுழற்றி வீசும் முறையோடு உலகத்தை வியக்க வைத்தார். 30 டெஸ்ட் போட்டிகளில் 101 விக்கெட். 2011இல் டெஸ்ட்டை விட்டார். காரணம் கை அல்ல, முழங்கால்.

ஆனால் நம் வட்டையில் ஆடும் பிள்ளைக்குப் பேஸ்போலின் பாடந்தான் அதிகம் பொருந்தும். அவன் கையை மடக்கி எறிகிறான். தொலைவிலிருந்து எறிகிறான். எல்லேயில் ஓடுபவனைக் குறிபார்த்து எறிகிறான். அதோடு அவன் உடல் இன்னும் கட்டி முடியாதது.

எறியும் கை சின்ன வயதில் செய்யப்படுகிறது. பிறக்கும்போது மேற்கை எலும்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். வளர வளர அந்தத் திருப்பம் குறையும். சிறுவயதிலிருந்தே எறிபவர்களுக்கு எறியும் கையில் மட்டும் அது முழுதாகக் குறைவதில்லை; மறு கையைவிடப் பத்து, இருபது பாகை வரை மிஞ்சி நிற்கும். அந்த மிச்சந்தான் கை இன்னும் அதிகமாகப் பின்னே படுத்து விசை சேர்க்க உதவுகிறது. எலும்பு வளர்ந்து முடிந்த பிறகு எறியத் தொடங்குபவருக்கு அது கிடைக்காது. எலும்பின் தடிப்பும் அப்படியே. ஸ்டுவர்ட் வோர்டன் என்ற ஆய்வாளர் தொழில்முறைப் பேஸ்போல் வீரர்களின் இரு கைகளையும் ஒப்பிட்டு 2014இல் எழுதினார். எறியும் கையின் மேல் எலும்பு மறு கையைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு வலிமையோடு இருந்தது. எறிவதை விட்டுப் பல பத்தாண்டு கழிந்த முதியவர்களிலும் அந்த வலிமையில் மூன்றிலொரு பங்கு மிஞ்சியிருந்தது. பிள்ளையை ஆட விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அதே வயதில்தான் ஆபத்தும் இருக்கிறது. முழங்கையின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் அந்த மொட்டு, சிறுவர்களில் இன்னும் தனித்துண்டு. அதற்கும் கையெலும்புக்கும் இடையே மென்மையான வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. ஆண் பிள்ளைகளில் பதினைந்து, பதினேழு வயதில்தான் அது முற்றாக ஒட்டுகிறது. அதுவரை அந்தக் குருத்தெலும்பு, பிணைநாரைவிட பலவீனமானது. பெரியவருக்கு நார் அறும். பிள்ளைக்கு நார் இழுக்க மொட்டு பெயரும். ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுவர்களில் இந்த வலியை 1960லேயே வைத்தியர்கள் இனங்கண்டு எழுதிவிட்டார்கள். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். தொடர்ந்து எறிந்தால் எலும்பே விலகிப் போகலாம்.

“கை கடுக்குது” என்று பொடியன் சொன்னது அந்த மொட்டைத் தொட்டுத்தான்.

அமெரிக்கச் சிறுவர் பேஸ்போல் அமைப்பு 2007 முதல் எறிதல்களை எண்ணுகிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 முறைக்கு மேல் எறியக்கூடாது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு 85. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர் 66 முறை எறிந்தாலே அடுத்த நான்கு நாள் ஓய்வு. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை பதின்மூன்று வயது வரையான வேகப்பந்து வீச்சாளரை ஒரே மூச்சில் ஐந்து ஓவருக்கு மேல் வீச விடாது, ஒரு நாளில் பத்துக்கு மேல் விடாது. இந்த எண்களுக்குப் பின்னால் அறுவைச் சிகிச்சை மேசைகளில் கிடைத்த அனுபவம் இருக்கிறது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தோளிலோ முழங்கையிலோ சிகிச்சை செய்துகொண்ட இளம் பிட்ச்சர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்டது. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துவந்தவர்களுக்கு அந்த நிலை வரும் வாய்ப்பு 36 மடங்கு என்று கண்டது. வேகமோ, பந்தை விடும் பாணியோ இந்த அளவுக்குத் தீங்கு செய்யவில்லை. களைத்த கையோடு எறிவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளி.

வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் சாய்ந்தமருதுக் கடற்கரையிலும் யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஓரமாக இருந்து பார்க்கும் ஒருவர் போதும். ஸ்கோர் எழுதும் பிள்ளையிடமே சொல்லிவிடலாம்: யார் எத்தனை பந்து போட்டான் என்று இன்னொரு வரி எழுது என்று. பதினாறு வயதுக்கு உட்பட்ட ஒருவன் முழங்கையின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், அன்றைக்கு அவன் கையிலிருந்து பந்தை வாங்கிவிடுங்கள். இரண்டு கிழமை எறியாமல் இருக்கட்டும், ஓடட்டும், துடுப்பெடுத்து ஆடட்டும். அதன் பிறகும் அந்த இடத்தில் தொட்டால் நோகிறது என்றால் வைத்தியரிடம் கூட்டிப் போய், இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.